ட்ரெயின் (வடிகுழாய்) எடுத்தாச்சு, ஓட்டையும் ஆறியாச்சு. கணையம் ஆறிடுச்சா?

கேள்வி:
வீட்டுக்காரருக்கு 44 வயசு. பித்தப்பைக் கல் இறங்கி கணையம் வீங்கி, பாதிக்கு மேல அழுகிப்போச்சு. வயித்தைத் திறக்கலை. இடது விலாவுக்குக் கீழே ட்ரெயின் போட்டு, பத்து நாள் கழிச்சு அதே வழியா கேமரா விட்டு அழுகினதை எடுத்தாங்க. ட்ரெயின் எடுத்து எட்டு மாசம் ஆச்சு. பார்க்க வர்றவங்க எல்லாம் தழும்பைப் பார்த்துட்டு "இவ்வளவுதானா!"ங்கறாங்க. ஆனா குறைஞ்ச 9 கிலோ ஏறவே இல்லை. மலம் வெளுத்து, எண்ணெய் மாதிரி மிதக்குது, எத்தனை தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது (எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா வேற எங்க கேட்கிறது). டிஸ்சார்ஜ் ஆகும்போது சுகர் இல்லைன்னாங்க. அடுத்து எப்போ எதைப் பார்க்கணும்னு ஒரு வரி எழுதித் தரலை. ஓட்டை சின்னதுதானே, முழுசா சரியாயிடும் இல்லையா?

பதில்:
அக்கா, எனக்கும் இதே வைத்தியம்தான், 6 வருஷம் ஆச்சு. ஓட்டை சின்னதுதான், செத்துப்போன கணையம் திரும்ப முளைக்காது. மலம் மிதக்குதுன்னா கொழுப்பு செரிக்கலை. மலத்துல எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கிற என்சைம்) டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. என்சைம் கேப்சூல் கொடுத்தா சாப்பாட்டோட சேர்த்துப் போடணும். நான் மூணு மாசம் சாப்பிட்டுக் கை கழுவினப்புறம் போட்டு வீணாக்கினேன்! முதல் வாயோட ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு மாத்தினதும்தான் எடை ஏறுச்சு. சுகர் எனக்கு நாலாவது வருஷம் வந்தது. அதனால இப்ப இல்லைங்கறதை நம்பி உட்கார வேண்டாம், எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) அப்பப்ப பாருங்க. கணையம் போய் வர்ற சுகர்ல இன்சுலினோட, சுகரை ஏத்துற குளூக்ககான் ஹார்மோனும் குறையும். அதனால இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சா சுகர் திடீர்னு லோ ஆகலாம்.

பதில்:
நான் அறுவை சிகிச்சைத் துறைல இருக்கேன். நெதர்லாந்துல 88 பேரை வச்சு நடந்த பேன்டர் ஆய்வு 2010ல வந்தது. பாதிப் பேருக்கு நேரா ஓபன் (வயித்தைத் திறந்து ஆபரேஷன்), பாதிப் பேருக்கு முதல்ல ட்ரெயின், தேவைப்பட்டா மட்டும் அடுத்த படி. ட்ரெயின் குழுவுல 35% பேருக்கு ட்ரெயினே போதுமானதா இருந்தது. அதே ஆளுங்களை சுமார் ஏழு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ தழும்புல குடலிறக்கம் ஓபன்ல 53%, இதுல 23%. செரிமான என்சைம் குறைபாடு 56%, 29%. சுகர் பிரச்சினை 64%, 40%. குறைஞ்சிருக்கு, ஆனா நாற்பது சின்ன எண் இல்லை. உங்களை வந்து பார்க்கறவங்க தழும்பைத்தான் பார்க்கறாங்க.
ஒண்ணு கேட்கணும்மா. கல்லாலதான் வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. பித்தப்பையை எடுத்துட்டாங்களா?

கேட்டவர்:
இல்லைங்க. "முதல்ல இது ஆறட்டும்"னாங்க. அப்புறம் யாரும் பேச்சே எடுக்கலை, நாங்களும் கேட்கலை.

பதில்:
கல்லு இன்னும் உள்ளேதான் இருக்கு. திரும்ப இறங்கினா மீதிக் கணையத்துக்கும் ஆபத்து. ஸ்கேன் ஃபைலை எடுத்துக்கிட்டு இந்த வாரமே சர்ஜனைப் பாருங்க.