மறுமொழி: டயாட்டத்தின் ஓட்டுக்குச் ‘சிமிழ்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிலிக்காவால் கூடு கட்டி அதற்குள் வாழும் நுண்பாசிதான் டயாட்டம். அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில், ‘இருகலப் பாசி’ என்று ஒருவரும், டயாட்டம் என்றே விட்டுவிடலாம் என்று இன்னொருவரும் சொல்லியிருந்தீர்கள். நான் இரண்டாமவர் கட்சி. கலம் என்றால் ஏனம் என்ற பொருளில் அந்தச் சொல் அழகுதான். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கலம் என்பது உயிரணு. அங்கே படித்தவர் கண்ணுக்கு இருகலப் பாசி என்பது இரண்டு உயிரணு கொண்ட பாசியாகிவிடும். டயாட்டமோ ஒரே உயிரணு. கிரேக்க மூலத்துக்கும் ‘இரண்டாக வெட்டியது’ என்பதுதான் பொருள், உயிரணுக் கணக்கு அதில் இல்லை.

என் கவலை அந்தப் பெரிய பெயரைப் பற்றியது அல்ல. புதைபடிவ டயாட்டங்களை நுண்ணோக்கியில் படம் எடுத்து, அடியில் இரண்டு வரி குறிப்பு எழுத உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. எதைப் படம் எடுத்தேன்? முழுக் கூட்டையா, அதில் ஒரு பாதியையா? எந்தப் பக்கத்திலிருந்து? இதற்குச் சொல் இல்லாமல் ‘ஓடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஓடு ஏன் ஆகாது என்றால், கடலடி வண்டலில் டயாட்டம் தனியாகக் கிடைப்பதில்லை. சுண்ணாம்பு ஓடு கொண்ட நுண்ணுயிரிகளும் கூடவே இருக்கும். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைப்போம். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடால் கரிமப் பொருளைப் போக்குவோம். இதைச் செய்முறையாக எழுதினால் ‘ஓடுகளைக் கரைத்தபின் ஓடுகளைக் கழுவி எடுக்கவும்’ என்று வருகிறது! மேல் பாதிக்கு மேலோடு என்றால் அது புவியின் மேலோட்டோடு மோதும். வில்லை என்றால் நுண்ணோக்கியில் ஏற்கெனவே வில்லைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பாதிக்கு வழங்கும் ‘வால்வு’ என்ற சொல்லை அப்படியே எழுதினால் குழாய்தான் நினைவுக்கு வருகிறது.

அதனால் என் முன்மொழிவு: முழுக் கூடு ‘சிமிழ்’, அதன் முகப்புத் தகடு ‘மூடி’. சிமிழ் என்பது மூடி இறுக்கமாகப் பொருந்தும் சிறு பெட்டி. டயாட்டத்தின் கூடும் அதேதான். சிலிக்காவால் ஆனது, ஒரு பாதி மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து அதன்மேல் கவிந்திருக்கும். புதைபடிவங்களில் இந்த வேறுபாடு கட்டாயம் தேவை. ஏனென்றால் உயிர் போனபின் சிமிழ் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது. நாம் படம் எடுப்பதில் பெரும்பகுதி மூடிகளைத்தான், சிமிழ்களை அல்ல.

மேலே இருப்பது மூடி சரி, கீழே இருப்பதையும் மூடி என்பதா என்று கேட்பீர்கள். டயாட்டம் எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். உயிரணு பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி புதிய பாதியைக் கட்டிக்கொள்கின்றன. கட்டப்படுவது எப்போதும் உள்ளே போகும் சிறிய பாதிதான். ஆக, நேற்று அடியாக இருந்தது இன்று ஒரு சேய்க்கு மூடி. எனவே இரண்டும் மூடிதான். ஒன்று ‘மூத்த மூடி’, மற்றது ‘இளைய மூடி’. மேல், கீழ் என்ற சொற்களைவிட இது உண்மைக்கு நெருக்கம். நுண்ணோக்கியில் கவிழ்ந்து கிடந்தாலும் மூத்தது மூத்ததுதான். தனியாகக் கிடக்கும் மூடியில் எது மூத்தது என்று பெரும்பாலும் தெரியாது. அப்போது வெறும் மூடி என்று எழுதினால் போதும்.

இதே காரணத்தால்தான் தலைமுறைக்குத் தலைமுறை சராசரி அளவு குறைந்துகொண்டே போகிறது, பால்வழிப் பெருக்கத்தில் மீண்டும் பெரிதாகும் வரை. ஒரே இனத்தில் பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கும். அதனால் அளவை மட்டும் வைத்து இனம் சொல்லக் கூடாது. மூடியின் மேல் ஓடும் நுண்வரிகள் 10 மைக்ரானுக்கு எத்தனை என்று எண்ணுங்கள், அது அவ்வளவாக மாறுவதில்லை.

மூடியை நேராகப் பார்ப்பதற்கு ‘மூடித் தோற்றம்’, சிமிழைப் பக்கவாட்டில் பார்ப்பதற்கு ‘இடைத் தோற்றம்’ என்று வைக்கலாம். மூடிகளை இணைக்கும் பட்டைகள் ‘இடைவளையங்கள்’. ட்ரைசெராட்டியம் என்ற டயாட்டம் மூடித் தோற்றத்தில் முக்கோணம். இடைத் தோற்றத்தில் கிட்டத்தட்ட செவ்வகம். நானே ஆரம்பத்தில் இவற்றை இரண்டு இனமாக நினைத்து இரண்டு கோப்புறையில் சேமித்து வைத்திருந்தேன், வெகுநாள்.

மூடியின் துளைகளுக்குக் ‘கண்’ என்பது முதலில் தோன்றியது. சல்லடைக் கண், வலைக்கண் என்று தமிழில் இருக்கிறதே. காசினோடிஸ்கஸ் என்ற டயாட்டத்தின் பெயரே ‘சல்லடை வட்டு’தான். ஆனால் சில பேரினங்களில் விளிம்பருகே தனியாக ஓர் உறுப்பு உண்டு. லத்தீனில் அதற்கே சிறுகண் என்று பெயர். எனவே துளைக்குத் ‘துளைக்கண்’, அந்த உறுப்புக்கு ‘விழி’.

படம் எடுப்பதிலும் ஒரு சொல் குறைகிறது. டயாட்டம் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.43. ஸ்லைடில் மாதிரியைப் பதிக்க வழக்கமாகப் பயன்படும் கனடா பால்சம் என்ற மரப்பிசினில் (சுமார் 1.53) வைத்தால், இரண்டு எண்ணும் நெருக்கமாக இருப்பதால் நுண்வரிகள் மங்கிப்போகும். 1.7 அளவுக்கு உயர்ந்த பொருளில் பதித்தால்தான் எடுப்பாகத் தெரியும். இந்தப் பொருளைப் ‘பதிபசை’ எனலாமா? அப்புறம், ஆக்டினோப்டைகஸ் என்ற டயாட்டத்தினுடையது மாதிரி மேடும் பள்ளமுமாக மாறிமாறி வரும் மூடியை ஒரே குவியத்தில் பிடிக்க முடியாது. ஒரு துண்டு தெளிந்தால் பக்கத்துத் துண்டு கலங்கும். குவியத்தை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து இணைப்பதற்குக் ‘குவிய அடுக்கு’ என்று ஏற்கெனவே ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அதை மாற்ற வேண்டாம்.

ஒரு மாதிரிக் குறிப்பு, சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க:

‘அராக்னாய்டிஸ்கஸ். ஓமரு, நியூசிலாந்து, இயோசீன் காலப் பிற்பகுதி. தனி மூடி, மூடித் தோற்றம். பதிபசை 1.7. குவிய அடுக்கு, 22 படம்.’

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். உடைந்த மூடிக்கு என்ன சொல்வது? ஸ்லைடில் பாதிக்கு மேல் அதுதான். ‘சில்லு’ பொருத்தமாக இருக்கிறது, ஆனால் சிலிக்காவையும் சில்லையும் ஒரே வரியில் பார்த்தால் கணினிக்காரர்கள் வேறு எதையோ நினைப்பார்கள்.

அன்புடன்