புதுப்பிப்பு: தங்கையின் பிரஷர் இப்போது

கர்ப்பத்தின் 34ஆவது வாரத்தில் தங்கைக்கு பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம், ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு) என்று போன மாதம் இங்கே பதறிப்போய் எழுதியிருந்தேன். 37 வாரம் முடிந்ததும் வலி வரவைத்தார்கள். பெண் குழந்தை, 2.3 கிலோ.

"உப்பு அதிகம் சாப்பிட்டாளா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் அது இல்லை. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தே காட்டினார். கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் சுருள் தமனிகள் (ரத்தம் கொண்டுவரும் சுருண்ட குழாய்கள்) தசைச் சுவரை இழந்து அகலமாக வேண்டும், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக. சிலருக்கு அது அரைகுறையாக நின்றுவிடுகிறது. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிட, உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உள்படலம் கெட்டு, குழாய்கள் இறுகி, பிரஷர் ஏறுகிறது. தன் மேல் தப்பில்லை என்று புரிந்த பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தோம். நான்காம் நாள் ராத்திரி தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். வீட்டு மெஷினில் 164/108. விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடினோம். வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட இப்படி வரலாமாம். அப்புறம் பிரஷரைக் குறைக்க லபெடலால் மாத்திரை. இன்று காலை 128/82.