மைக் வாங்கி எட்டு மாதங்கள். பாட்காஸ்ட் இன்னும் தொடங்கவில்லை

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டூரில் திறந்த தண்ணீர் எந்த ஆண்டில் எந்த நாளில் எங்கள் தலைமதகைத் தொட்டது, வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர்கள் எந்த இரவில் வந்து சண்டையிட்டார்கள் என்பதையெல்லாம் இன்றும் நினைவிலிருந்தே சொல்வார். அவரையும் அவரோடு வேலை பார்த்தவர்களையும் பேசவைத்து ஒரு பாட்காஸ்ட் வெளியிட வேண்டும் என்று சென்ற ஆடிப்பெருக்கன்று முடிவு செய்தேன்.

இப்போது பங்குனி. மைக் பீரோவின் மேல் பெட்டியோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் தூசி துடைக்கிறேன். நோட்டில் 43 தலைப்புகள் எழுதியிருக்கிறேன். பெயர், முகப்புப் படம், தொடக்க இசை, எடிட்டிங், எந்தத் தளத்தில் ஏற்றுவது என்று ஒன்றைத் தொட்டால் ஒன்பது முளைக்கின்றன. மலைத்துப்போய் நோட்டை மூடிவிடுகிறேன். இதிலிருந்து எப்படி மீள்வது?

குடமுருட்டி:
வணக்கம் சகோதரி. கும்பகோணத்திலிருந்து இரண்டு ஆண்டுகளாக ஒரு பாட்காஸ்ட் நடத்திவருகிறேன். உங்கள் சுமையில் பாதி, தேவையற்ற சுமை. ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியாக ஏற்ற வேண்டும் என்று எண்ணித்தான் நானும் முதலில் பயந்தேன். ஒலிக்கோப்பை ஒரே ஒரு ஹோஸ்டிங் தளத்தில், அதாவது கோப்புகளைச் சேமித்து வைக்கும் இணையதளத்தில் ஏற்றினால் போதும். அது உருவாக்கித் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையின் (அத்தியாயங்களின் பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படும் இணைப்பின்) முகவரியை மற்றச் செயலிகளில் ஒருமுறை பதிந்துவிட்டால், அதன்பின் அவை தாமாகவே புதிய அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளும். முகப்புப் படம் சதுரமாக, குறைந்தது 1400 பிக்சல் அகலத்தில் இருக்கட்டும். எடிட்டிங்குக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். ஒருவர் பேச்சுக்கு மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்) பதிவு செய்தாலே கோப்பின் அளவு பாதியாகும். தொடக்க இசையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

அறையைப் பற்றி மட்டும் அக்கறை காட்டுங்கள். வெறும் சுவர் உள்ள கூடத்தில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலிக்கும். நெல் மூட்டை அடுக்கிய அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அப்பாவின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்து பாருங்கள். பெட்டியில் கிடக்கும் மைக்கைவிட அது நன்றாகவே வேலை செய்யும்.

கடைமடை:
திருத்துறைப்பூண்டிக்காரன் எழுதுகிறேன். அந்த இரவுச் சண்டைகளில் எங்கள் ஊராரும் இருந்திருக்கலாம். உங்கள் அப்பா மன்னிக்கட்டும்! தண்ணீர் குறைந்த ஆண்டில் காவிரி, வெண்ணாறு இரண்டிலும் ஒரே நேரத்தில் விட்டால் எங்கள் வயலுக்கு ஈரம்கூட வந்து சேராது என்பதால்தான் முறை வைத்து விடுகிறார்கள். நீங்களோ உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு எல்லா ஷட்டரையும் ஒன்றாகத் தூக்கியிருக்கிறீர்கள். இந்த வாரம் பதிவுக்கு மட்டும் முறை விடுங்கள். எடிட்டிங்கின் முறை அடுத்த வாரம் வரட்டும்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இசை முதல் தளம் வரை எல்லாவற்றையும் எழுதினீர்களே, அப்பாவிடம் பேசி ஒரு நாள் குறித்ததாக ஒரு வரிகூட இல்லையே. தாமதம் உண்மையில் அங்கேதான் இருக்கிறதோ?

பழைய பேட்டரி:
மேலே சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பதிவு செய்யத் தாமதிக்காதீர்கள், வெளியிட அவசரப்படாதீர்கள். ஒரே ஓர் அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தொடங்கினேன். சம்பா அறுவடை வந்ததும் ஏழு மாதங்கள் நின்றுபோனது. நான்கு அத்தியாயங்கள் சேர்ந்த பிறகு ஜூன் 12 அன்று முதலாவதை வெளியிடுங்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் அது. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும் அந்த மூன்று நான்கு நாட்களில் டெல்டாவில் வேறு பேச்சே இருக்காது. ஜனவரி 28-இல் அணை மூடும் வழக்கம் என்பதால் இப்போது வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். பழைய லஸ்கர்களை மதகடியிலேயே உட்காரவைத்துப் பேசவைக்கலாம். தண்ணீர்த் தகராறில் யார் பெயரையாவது சொன்னால், வெளியிடும் முன் அப்பாவிடம் ஒருமுறை போட்டுக் காட்டிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
கடைமடை ஐயா கேட்ட கேள்வி இரண்டு நாட்கள் தூங்கவிடவில்லை. அப்பாவிடம் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அவர் மறுத்துவிட்டால் 43 தலைப்புகளும் வீணாகுமே என்ற பயம்.

நேற்றிரவு கேட்டுவிட்டேன். "இதை யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார், ஆனாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கைப்பேசியில் 17 நிமிடங்கள் பதிவாயிற்று. நடுவில் கரண்ட் போனதால் விசிறியை நிறுத்தும் வேலையும் மிச்சம். 2018-இல் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்ட செய்தி வந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, ஷட்டர் கைப்பிடியைச் சுற்றுவதுபோல் கையைச் சுழற்றிக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருந்தார். அந்த மௌனம் ஏறத்தாழ 20 விநாடிகள் வருகிறது. குடமுருட்டி அண்ணா, அதை வெட்டிவிட வேண்டுமா, அப்படியே விடலாமா?