ஸ்பானிஷ் பேசுறவங்களுக்கு ஃப்ரேசல் வெர்ப் (வினையோட அப், ஆஃப் மாதிரி சின்னச் சொல் சேர்ந்து வர்றது) எப்படி சொல்லித் தர்றது?

ஸ்பானிஷ் தாய்மொழியா உள்ள மூணு பேருக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் சொல்லித் தரேன். டாலரேட், போஸ்ட்போன்லாம் சரளமா வருது, ஆனா அதே அர்த்தம் உள்ள புட் அப் வித், புட் ஆஃப்னா அப்படியே முழிக்கிறாங்க, லிஸ்ட் குடுத்தா ஒரே வாரத்துல மறந்துடுறாங்க. வேற வழி இருக்கா?

பதில் 1:
அது அவங்க தப்பு இல்லங்க. டோலெரார், போஸ்போனெர்னு அவங்க மொழியிலயே இருக்கு, எல்லாம் லத்தீன் வழி வந்தது, அதான் ஈஸி. அப்புறம் பாருங்க, உள்ள போறதுக்கு என்ட்ரார், வெளிய போறதுக்கு சாலிர், ஏறுறதுக்கு சுபிர்னு ஸ்பானிஷ்ல திசை வினைச்சொல்லுக்குள்ளயே இருக்கும், இங்கிலீஷ்ல அது இன், அவுட், அப்னு தனியா நிக்குது, அதனால கோ இன், கோ அவுட், கம் டவுன் மாதிரி நேர் அர்த்தம் உள்ளதுல ஆரம்பிங்க. கிவ் அப் மாதிரி அர்த்தம் மாறுறதெல்லாம் அப்புறம், அதுவும் கதை மாதிரி வாக்கியத்துல வச்சு மட்டும். லிஸ்ட்டை தயவுசெஞ்சு விட்டுடுங்க.

பதில் 2:
அந்தச் சின்னச் சொல் நிக்கிற இடமும் முக்கியம். டர்ன் ஆஃப் த லைட், டர்ன் த லைட் ஆஃப் ரெண்டும் சரி, ஆனா இட் வந்தா டர்ன் இட் ஆஃப் மட்டும்தான். லுக் ஆஃப்டர் பிரியவே பிரியாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க! திசை விஷயம் எனக்குத் தோணவே இல்ல, அடுத்த கிளாஸ்ல அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.