குரோமோசோமில் சேராத டிஎன்ஏ எப்படிப் புரதம் செய்கிறது?

சுங்கை சிப்புட் டீச்சர்:
வணக்கம். தோட்ட மண்டபத்தில் ஆறாம் படிவ உயிரியல் டியூஷன் நடத்துகிறேன். மரபணு சிகிச்சையில் மரபணுவைச் சுமக்கும் ஏஏவி வைரஸ் கொண்டுபோகும் மரபணு குரோமோசோமில் சேராது என்றால், பல ஆண்டுகள் புரதம் எப்படி வருகிறது என்று ஒரு மாணவி கேட்டார். ஊசி போட்ட மறுநாளே ஏன் வருவதில்லை என்பதும் அவர் கேள்வி.

வெக்டர்_ஈப்போ:
டீச்சர், தாமதத்துக்கு முக்கியக் காரணம் ஏஏவி சுமப்பது ஒற்றை இழை டிஎன்ஏ. மரபணுவைப் படிக்கும் ஆர்என்ஏ பாலிமரேசுக்கு இரட்டை இழை வேண்டும். வைரஸ் எண்டோசோம் என்ற செல்லின் உள்பை வழியாக நியூக்ளியசுக்குள் போய் உறையைக் கழற்றியதும், இரண்டாம் இழை உருவாக வேண்டும். டிஎன்ஏவின் இரு முனையிலும் 145 எழுத்து நீள ஐடிஆர் என்ற முனைத் தொடர் இருக்கிறது. அது கொண்டை ஊசிபோல் மடிந்து நிற்கும். அந்த முனையைத் தொடக்கமாக வைத்து நம் செல்லின் டிஎன்ஏ பாலிமரேஸ் மறு இழையைக் கட்டும். இங்கேதான் நாள் போகிறது. பிறகு முனைகள் இணைந்து வளையமாகும், ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்ளும். குரோமோசோமுக்கு வெளியே இருந்தாலும் மரபணுவை இயக்கும் புரோமோட்டர் பகுதி இருப்பதால், புரதம் செய்யப் பயன்படும் நகலான எம்ஆர்என்ஏ வந்துகொண்டே இருக்கும். பெருகவும் உறை செய்யவும் வேண்டிய வைரசின் ரெப், கேப் மரபணுக்களை நீக்கிவிடுவதால் அது பெருகாது.

சுங்கை சிப்புட் டீச்சர்:
நன்றி. இரட்டை இழையாகவே அனுப்பக்கூடாதா?

லேப்_தங்கை:
அனுப்புகிறார்கள் அக்கா. ஒரு ஐடிஆரில் வெட்டு விழும் இடத்தை நீக்கினால், இரு இழைகளும் நடுவில் ஒட்டியபடியே உறைக்குள் போகும். செல்லுக்குள் தானாக மடிந்து ஜோடி சேரும். வேகம் கூடும், இடம் பாதியாகும். சாதாரண ஏஏவி ஐடிஆரோடு சேர்த்து சுமார் 4,700 எழுத்து கொள்ளும். புரோமோட்டர், மரபணு, அதன் முடிவுக் குறியான பாலிஏ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முதுகுத்தண்டுத் தசைநலிவுக்கான சோல்ஜென்ஸ்மா மருந்தில் எஸ்எம்என் மரபணுவின் புரதக் குறியீட்டுப் பகுதி 900 எழுத்துக்கும் குறைவு, அதனால் இந்த முறை ஒத்துவந்தது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்க்குரிய எட்டாம் உறைதல் காரணியின் குறியீட்டுப் பகுதியோ சுமார் 7,000. உறைதலுக்குத் தேவைப்படாத பி பகுதியை வெட்டி 4,400 ஆக்கினாலும் இடம் நெருக்கடிதான். புரோமோட்டரிலும் கவனம் வேண்டும்: சிஎம்வி என்ற வைரசிலிருந்து எடுத்த புரோமோட்டர் ஆரம்பத்தில் பலமாக ஓடும், கல்லீரலில் டிஎன்ஏவில் மெத்தில் குழு ஏறி அடங்கிவிடலாம்.

வெக்டர்_ஈப்போ:
ஒரு திருத்தம்: "சேரவே சேராது" என்று வகுப்பில் சொல்ல வேண்டாம், சிறு பங்கு சேரும். வளையம் செல்லோடு சேர்ந்து பெருகாது. அதனால் பிரியாத நரம்பிலும் விழித்திரையிலும் நீடிக்கிறது. வளரும் குழந்தையின் கல்லீரலில் செல் பிரியப் பிரியக் குறைகிறது. பிரிந்துகொண்டே இருக்கும் ரத்த ஸ்டெம் செல்லுக்கு லென்டிவைரஸ் என்ற வேறு வகை வைரசை எடுப்பது இதனால்தான்: அது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கி குரோமோசோமிலேயே பதிக்கும். ஆனால் பதியும் இடம் ஆபத்து. மரபணுவைச் சுமக்கும் பழைய ரெட்ரோவைரஸ் வெக்டர் எல்எம்ஓ2 மரபணுவருகே பதிந்து, அதைத் தூண்டிவிட்டதால் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது வைரசின் சொந்த புரோமோட்டரைச் செயலிழக்கச் செய்தே வடிவமைக்கிறார்கள்.