மறு: நுழைவாயில் வளைவு நிதி – பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன்

அனுப்பியவர்: குளத்துக்கரை வீடு, மஸ்கட்

எல்லோருக்கும் வணக்கம்.

நுழைவாயில் வளைவு கட்ட ஆளுக்கு 25,000 போடச் சொல்லி நம் ஊர்க் குழுவில் வந்த மடலுக்கு ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்கள். அந்த மடல் வந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். அப்பத்தா தெவசத்துக்குப் போன பத்து நாளில் நாலு நாள் காலை பள்ளிக்கூடத்தில் கழிந்தது. காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவில் எங்கள் சின்னம்மா இருக்கிறாள். விடியுமுன் எழுந்து போகிறாளே, என்னதான் நடக்கிறது என்று பின்னாலேயே போனேன்.

புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும். குறை சொல்ல முடியாது, என் வீட்டுப் பொங்கலைவிட நன்றாகவே இருந்தது. நாலாம் வகுப்புப் பெண் ஒன்று தட்டை வாங்கிக்கொண்டு தாழ்வாரத் தூணோரம் உட்கார்ந்தது. அதன் அண்ணன் ஆறாம் வகுப்பு, இரண்டடி தள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தட்டு இல்லை. அந்தப் பெண் பாதி தின்றது, மீதியை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கியது, தட்டை அப்படியே அவன் பக்கம் நகர்த்தியது. நகர்த்தும்போது சின்னம்மாவை ஒரு பார்வை பார்த்தது. சின்னம்மா அடுப்பைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

இது தினமும் நடக்கிறதாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரைதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரித்தபோதும் அந்த வரம்பு மாறவில்லை. நம்முடையது எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. ஆகவே ஒரே தாழ்வாரத்தில் பாதிப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், மீதிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதியம் சத்துணவு எல்லோருக்கும் உண்டு. காலைதான் இடிக்கிறது.

மொத்தம் 61 பிள்ளைகள். ஐந்து வரை 38, அதற்கு மேல் 23. நாம் படித்தபோது ஒரு வகுப்பிலேயே அவ்வளவு பேர் இருந்தோம். காலையில் தனியார் பள்ளிகளின் மூன்று மஞ்சள் வேன் ஊருக்குள் வருகிறது, ஐந்தை முடித்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகிறது. எனக்கு வயிறு எரிந்தது இதற்குத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த மருத்துவப் படிப்பு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு ஆகட்டும், கல்லூரியில் பெண்களுக்கு மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் ஆகட்டும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பில் ஆரம்பிக்கிறது, சரியாக அந்த வாசலில்தான் பிள்ளையை வேனில் ஏற்றுகிறோம். வடக்குத் தெருவில் ஒரு தாயிடம் இதைச் சொன்னேன். “எனக்கு இது யாரும் சொல்லலையே, முதல் தவணை முப்பதாயிரம் கட்டிட்டேனே” என்றாள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 23 பேருக்கும் காலைச் சாப்பாடு. தலைக்கு 15 ரூபாய் வைத்தால் நாளுக்கு 345. பள்ளி நாள் 210 என்றால் வருஷத்துக்கு 72,450. வளைவுக்குத் திரட்டுவது 6 லட்சம். எட்டு வருஷம் சோறு போடலாம். தலைமையாசிரியரிடம் பேசினேன், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலிடத்தில் அனுமதி கேட்கலாம் என்கிறார். குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். மறுக்க மாட்டார்கள்.

வளைவுக்கு என் பங்கு இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

—

அனுப்பியவர்: மேலத்தெரு, சிங்கப்பூர்

அத்தாச்சி, சாப்பாட்டுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எந்தக் கணக்கில் பணம் போடுவது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பள்ளிக் கூரைக்கு இந்தக் குழுவில் 4,12,000 திரட்டினோம். ஷீட் போட்ட வகையில் 2,87,000-க்கு ரசீது பார்த்தேன். மீதி 1,25,000? ஏழாவது வருஷம் கேட்கிறேன். பழைய மடல்களைத் தேடிப் பாருங்கள், என் கேள்விக்குக் கீழே யாரோ வைத்த கும்பிடு பொம்மைதான் இருக்கும்.

இன்னொன்று. நம் ஆட்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டோம், நான் உட்பட. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாற்றியவர் கொடுத்தால் ஆகும், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் ஆகும். அப்படி வாங்க நம் ஊர்ச் சங்கத்துக்கு மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வந்த 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். நம்மிடம் இருப்பது பட்டுக்கோட்டையில் ஒரு சேமிப்புக் கணக்கு, அதுவும் யார் பெயரில் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி என்று 2022 கடைசியில் அரசே ஒன்று தொடங்கியது. பள்ளியைத் தேர்ந்தெடுத்து நேராகக் கட்டலாம். இடையில் ஆள் கிடையாது. வளைவோ பொங்கலோ, இடையில் ஆள் இல்லாத வழி என்றால் நான் தயார்.

—

அனுப்பியவர்: தோப்பு வீடு, கோலாலம்பூர்

மாப்பிள்ளை, “யார் பெயரில்” என்று ஜாடை பேசவேண்டாம். என் பெயரில். அன்றைக்கு வேறு யாரும் முன்வரவில்லை.

கஜா அன்று விடிந்தபோது என் தோப்பில் 340 தென்னை வேரோடு கிடந்தது. என் மரத்தை நான் எண்ணி முடிக்குமுன் பள்ளிக்கூட வாசலில் விழுந்ததை அறுக்க ஆள் விட்டேன். கரண்ட் எப்போது வந்தது என்று உன் அம்மாவைக் கேள். தண்ணீர் இறைக்க ஜெனரேட்டர் வாடகை, டீசல், ஆள் கூலி. அந்த நேரத்தில் டீசல் ஊற்றினவனிடம் ரசீது புத்தகம் எங்கே என்றா கேட்பேன்? 2004-ல் உனக்கு நடந்ததற்கும் யாரும் ரசீது கேட்கவில்லை. அதற்கு மேல் நான் பேசவில்லை.

குளத்துக்கரை பெண்ணுக்கு: நீ சொல்வது சரிதான் அம்மா. ஆனால் வளைவு என்றால் உங்களுக்கெல்லாம் கேலியாக இருக்கிறது. பள்ளிக்கூடம் நிற்கிற மூன்று மா நிலம் எங்கள் ஐயா எழுதிக்கொடுத்தது. பெயர் பொறித்த கல் பழைய ஓட்டுக் கட்டடத்துச் சுவரில் இருந்தது. கட்டடத்தை இடித்தபோது கல்லும் மண்ணோடு போயிற்று. போன தடவை வந்தபோது புது வாத்தியார் என்னை “யார் வேணும்?” என்று கேட்டார். பக்கத்து ஊர்க்காரன் இரண்டு வளைவு வைத்திருக்கிறான். நமக்கு ஒன்று கூடாதா?

—

அனுப்பியவர்: வடக்குத் தெரு, தோகா

சண்டைக்கு நடுவில் வருகிறேன். தண்டவாளத் துண்டு மணி இன்னும் தொங்குகிறதா?

1982-ல் சத்துணவு வந்தபோது நான் மூணாம் வகுப்பு. வீட்டில் சோறு இருந்தும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அம்மா பார்த்துவிட்டாள். “சோத்துக்கு இல்லாத வீடா?” என்று தென்னை ஈர்க்கால் வெளுத்தாள். மறுநாளும் போனேன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து தின்ற சோறு வேறு ருசி. அந்த ஆறாம் வகுப்புப் பையன் தள்ளி உட்கார்ந்திருந்தான் என்று படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நான் போடுகிறேன், எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

—

அனுப்பியவர்: குளத்துக்கரை வீடு, மஸ்கட்

மணி தொங்குகிறது. கயிறுதான் நைலான் ஆகிவிட்டது.

பெரியப்பா, கல் போன கதை எனக்குத் தெரியாது. கேலி செய்ததாகப் பட்டிருந்தால் மன்னியுங்கள். வளைவில் ஐயா பெயர் ஒரு ஓரத்தில் இருக்கும், மேலே பெரிய எழுத்தில் வேறு யார் பெயரோ வரும். அது யார் என்று இப்போதே கிசுகிசு கிளம்பிவிட்டது. தாழ்வாரச் சுவரில் ஒரு சின்னக் கல், நிலம் தந்தவர் இன்னார் என்று. அதற்கு மட்டும் என் பணம் உண்டு, கல்தச்சரையும் நானே பார்க்கிறேன். பத்தாயிரத்துக்கு மேல் போகாது.

தம்பி, கஜா கணக்கை நீயும் பெரியப்பாவும் தனியாகப் பேசி முடியுங்கள். டீசலுக்கு ரசீது கிடைக்காது என்பது உனக்கும் தெரியும். இந்தத் தடவை சங்கக் கணக்கே வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் போடட்டும், மாதா மாதம் வரவு செலவை இங்கே போடுகிறேன், மளிகைக் கடைச் சீட்டு உட்பட. மற்றவர்கள் நீ சொன்ன அரசு வழியில் பள்ளிக்கு வேறு ஏதாவது செய்யுங்கள், கழிப்பறைக் கதவு ஒன்று தாழ்ப்பாள் இல்லாமல் கயிறு கட்டிக் கிடக்கிறது.

இதுவரை ஆறு பேர் போடுகிறேன் என்றிருக்கிறார்கள். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்று எனக்குத் தனி மடலில் எழுதுங்கள். வம்புக்குக் கேட்கவில்லை.

தட்டு வாங்க வேண்டாம். சத்துணவுத் தட்டே போதுமாம், சின்னம்மா எண்ணிப் பார்த்துவிட்டாள்.