அப்பாவின் “நல்ல கால்” வெந்நீரில் வெந்துவிட்டது, “கெட்ட கால்” தப்பியது. எப்படி?

டீக்கடை மகள் எழுதியது:

வணக்கம். ஒரு வாரமாக மனசு ஆறவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷமாக டீக்கடை. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை விரலால் தொட்டே பால் பதம் சொல்லிவிடுவார். போன வருஷம் இடது காலை இழுத்து நடக்க ஆரம்பித்தார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், நெஞ்சு மட்டத்தில் டி8 என்ற இடத்தில் தண்டுவடத்தை ஒரு கட்டி இடது பக்கமிருந்து நெருக்குவது தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புற்றுநோய்க் கட்டி இல்லை. நான்கு மாதம் ஆகிறது. இடது கால் இன்னும் பலவீனம், வாக்கர் பிடித்துத்தான் நடை. வலது காலில் பலம் அப்படியே இருக்கிறது. வீட்டில் “நல்ல கால்”, “கெட்ட கால்” என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை கால் அசதியாக இருக்கிறது என்றார். பக்கெட்டில் வெந்நீர் விளாவி வைத்தேன். சூடு பார்க்க நல்ல காலை முதலில் விட்டார். “சூடே இல்லையேம்மா, இன்னும் ஊத்து” என்றார். அடுப்பிலிருந்து எடுத்து வந்து ஊற்றினேன். “இன்னும் கொஞ்சம்” என்றார், ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து இடது காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன். விரல் தண்ணீரில் பட்டதுமே அலறிவிட்டார். வலது காலை வெளியே எடுத்துப் பார்த்தால் பாதம் முழுக்கச் சிவந்து, ராத்திரிக்குள் கொப்புளம் போட்டுவிட்டது. அப்பவும் அவருக்கு அங்கே வலி இல்லை.

டாக்டரிடம் காட்டி மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் எனக்குப் புரியவில்லை. வலது காலில் தொட்டால் தெரிகிறது, செருப்பு நழுவினால் தெரிகிறது, நன்றாக ஊன்றுகிறார். அந்தக் காலுக்குச் சூடு தெரியாமல், விளங்காத காலுக்குத் தெரிந்தது எப்படி? ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டபோது “பாதை வேற வேறம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

---

சங்கரி, கோவை:

சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். என் மாமியாருக்குப் பாதத்தில் அடுப்புத் துணி பற்றியதுகூடத் தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு போயிருந்தது.

---

டீக்கடை மகள்:

பார்த்தோம் அக்கா, சர்க்கரை இல்லை.

---

நெல்லை பிசியோ:

சர்க்கரையால் வருவது பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி வரும். இது அது இல்லை சகோதரி. தண்டுவடம் அடிபட்டவர்களோடு பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தெரிந்த முகங்கள் நினைவுக்கு வந்தன. முதலில் ஒன்று: இது உங்கள் தப்பு இல்லை. டிஸ்சார்ஜ் நாளிலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதை ஓர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊர் மேலே, மூளை. இடது காலிலிருந்து வருகிறவர்கள் இடது கரையில் வந்து சேர்கிறார்கள், வலது காலிலிருந்து வருகிறவர்கள் வலது கரையில். இதில் இரண்டு கூட்டம் உண்டு.

முதல் கூட்டம் நுட்பமான தொடுகையையும், அதிர்வையும், “கால் எங்கே இருக்கிறது, விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது” என்ற செய்தியையும் கொண்டு போகிறது. இவர்கள் வந்த கரையிலேயே கடைசிவரை நடந்து, மூளையின் அடியில் முகுளம் என்ற இடம் வந்த பிறகுதான் மறுகரைக்குப் போகிறார்கள். இரண்டாவது கூட்டம் வலியும் சூடும் குளிரும். இவர்கள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் செய்தியை அடுத்த நரம்பு செல்லிடம் கைமாற்றி விடுகிறார்கள். அந்த செல்லின் இழை ஒன்றிரண்டு படி ஏறுவதற்குள்ளேயே ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரை வழியாக மேலே போகிறது.

உங்கள் அப்பாவுக்குக் கட்டி நெருக்கியது டி8-இல் இடது கரையை. அந்த இடத்தில் இடது கரையில் யார் யார் நடந்துகொண்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். இடது காலின் தொடுகைக் கூட்டம் இருக்கும். இடது காலை அசைக்கச் சொல்லி மூளையிலிருந்து கீழே வரும் கட்டளையும் அதே பக்கம்தான், ஏனென்றால் அது மேலேயே கடந்துவிட்டது. அப்புறம், கீழேயே ஆற்றைத் தாண்டி வந்துவிட்ட வலது காலின் வலி, சூடு. இவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். இடது காலின் சூடு அதற்குள் வலது கரைக்குப் போய்விட்டது, அது தப்பித்தது. அதனால்தான் அலறினார்.

அப்பாவை இருட்டில் பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். இடது பாதம் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கண்தான் சொல்கிறது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். கால் கட்டை விரலை இரண்டு பக்கமும் பிடித்து மேலே, கீழே அசைத்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பாதத்திலிருந்து மேலே மேலே வைத்துக்கொண்டே வாருங்கள். ஊசியோ சூடான பொருளோ வேண்டாம்.

---

உடலியல் வாத்தியார்:

பிசியோ தம்பி சொன்ன ஆறு எனக்குப் பிடித்திருக்கிறது, வகுப்பிலும் இனி சொல்வேன். இந்த நிலைக்கு பிரௌன்-செக்கார் என்று பெயர். மொரிஷியஸின் போர்ட் லூயியில் 1817-இல் பிறந்த மருத்துவர் அவர். 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விலங்குகளின் தண்டுவடத்தைப் பாதி மட்டும் வெட்டிப் பார்த்து, வலி உணர்ச்சி எதிர்ப்பக்கம் மறைவதைக் காட்டினார். அந்த விலங்குகளை நினைத்தால் எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். ஆனால் ஒருவரின் காலைத் தொட்டுப் பார்த்தே தண்டுவடத்தில் எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்ல முடிவது அதிலிருந்துதான் வந்தது.

இரண்டு கூட்டமும் நடக்கிற வேகமும் வேறு. தொடுகை இழைகள் தடிமனானவை, கொழுப்பு உறை போட்டவை. நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் ஓடும். சுரீர் என்ற கூர்வலியின் இழைகள் 5 முதல் 30 மீட்டர். அப்புறம் வருகிற எரிச்சல் வலிக்கு உறையே இல்லாத மெல்லிய இழைகள், நொடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர்தான். நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது உடனே தெரிகிறது, “ஐயோ இப்போ வலிக்கப் போகிறது” என்று நினைக்கக்கூட நேரம் இருக்கிறது, அதற்குப் பிறகுதான் அந்த எரிச்சல் வருகிறது இல்லையா? அது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டை விரலிலிருந்து தொடுகையைக் கொண்டு போகும் நரம்பு செல் நடுவில் எங்கும் கைமாற்றுவதில்லை. ஒரே செல், விரலிலிருந்து முகுளம் வரை, ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

---

டீக்கடை மகள்:

செய்து பார்த்தேன் அண்ணா. இடது கட்டை விரலைப் பத்துத் தடவை அசைத்தேன். ஐந்துதான் சரி, அதுவும் யோசித்து யோசித்துச் சொன்னார். வலதில் பத்தும் சரி.

டம்ளரை வலது காலில் வைத்தால் “ஏதோ படுது” என்கிறார், சில் என்று சொல்லவில்லை. முழங்கால், தொடை, இடுப்பு வரை அப்படியேதான். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே போனதும் “ஆ, சில்லுன்னு இருக்கு” என்று துள்ளினார். இடது பாதத்தில் வைத்ததுமே காலை இழுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்து பார்த்த அம்மா அழுதுவிட்டார். எனக்குப் பயம் குறைந்தது, காரணம் தெரிந்துவிட்டதே என்று.

---

நெல்லை பிசியோ:

கச்சிதமாகச் செய்திருக்கிறீர்கள். தொப்புள் மட்டத்துத் தோல் டி10 நரம்புடையது, எண் கீழே போகப் போகக் கூடும், அதாவது டி8-க்கு இரண்டு படி கீழே. அங்கே நுழைகிற சூடும் குளிரும் ஒன்றிரண்டு படி ஏறி ஆற்றைத் தாண்டி முடிக்கும் இடம் ஏறக்குறைய டி8. கட்டி இருந்த இடமும் அதுதானே. அடுத்த செக்கப்பில் இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்வார்.

கொப்புளத்தை உடைக்க வேண்டாம். தினமும் ராத்திரி படுக்கும் முன் வலது பாதத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். முள், கண்ணாடி, செருப்பு கடித்த இடம் எதுவும் அந்தக் கால் சொல்லாது. மத்தியான வெயிலில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க விடாதீர்கள். நெருக்கியது போன பிறகு தண்டுவடம் மாதக்கணக்கில் மெல்லத் தேறுவதைப் பார்த்திருக்கிறேன், எவ்வளவு தேறும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

வெந்நீரைப் பொறுத்தவரை, அவர் கையை விட்டுப் பார்க்கட்டும். கை நரம்புகள் கழுத்துப் பக்கம் நுழைகின்றன, கட்டி இருந்த இடத்துக்கு எவ்வளவோ மேலே. அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

---

டீக்கடை மகள்:

இன்று காலை குளிக்கத் தண்ணீர் விளாவி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். விரல் நுனியை விட்டுப் பார்த்தார். “இன்னும் ரெண்டு சொம்பு பச்சைத் தண்ணி ஊத்தும்மா” என்றார்.